ஐரோப்பாவில் யூதர்களை ஏன் இவ்வளவு காலம் விரட்டினார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரைப் பற்றி நாலு வரி எழுதினால் போதும், பின்னாலேயே கேள்விகள் வந்துவிடும். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கேட்பார்கள், வாட்ஸப்பில் வந்ததை அப்படியே அனுப்பி "இது நிஜமா" என்பார்கள், சிலர் நேராகச் சண்டைக்கே வருவார்கள். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கீழே போட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நகர்கின்றன.

யூதர்கள் ஐரோப்பாவுக்கு எப்போ வந்தாங்க? வந்தேறிகள்தானே?

ரோமப் பேரரசு காலத்திலேயே வந்துவிட்டார்கள். கி.பி. 70இல் ரோமப் படை ஜெருசலேம் கோவிலை இடிப்பதற்கு முன்பே ரோம் நகரில் யூதர்கள் வாழ்ந்தார்கள். நகர சபைப் பொறுப்புகளில் யூதர்களையும் அமர்த்தலாம் என்று பேரரசர் கான்ஸ்டன்டைன் 321இல் கொலோன் நகருக்கு அனுப்பிய ஆணை இன்றும் பேசப்படுகிறது. (அது ஒன்றும் சலுகை இல்லை, கைக்காசு செலவழித்துச் செய்ய வேண்டிய வேலை. அந்தச் செலவைத் தாங்கும் அளவுக்கு அங்கே யூதர்கள் இருந்தார்கள் என்பதுதான் விஷயம்.) ஜெர்மனி என்று ஒரு நாடு உருவாவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய கதை இது, வந்தேறி என்ற சொல் பொருந்தாது.

யேசுவைக் கொன்னவங்கங்கிற கோபம்தானே எல்லாத்துக்கும் காரணம்?

தொடக்கம் அங்கேதான், மறுக்கவில்லை. ஆனால் சிலுவையில் அறைவது ரோமானியர்களின் தண்டனை, தீர்ப்புச் சொன்னவர் ரோம ஆளுநர் பிலாத்து. யேசுவே யூதர், அவருடைய தாயும் சீடர்களும் யூதர்கள். இருந்தும் ஒரு ஊரின் சில தலைவர்கள் மேல் வைத்த பழி ஒரு மக்கள் கூட்டம் முழுவதன் மேலும், அதுவும் தலைமுறை தலைமுறையாக, ஏறிவிட்டது. நான்காம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம் என்ற கிறிஸ்தவப் போதகர் யூதர்களுக்கு எதிராகச் செய்த பிரசங்கங்களை இன்று படித்தால் உடம்பு கூசும்.

அதே காலத்துக் கிறிஸ்தவ அறிஞர் அகஸ்டின் வேறு மாதிரி சொன்னார்: கொல்ல வேண்டாம், சிதறிக் கிடக்கட்டும், வேதத்துக்குச் சாட்சியாக இருக்கட்டும். உயிரோடு விடு, தலையெடுக்க விடாதே. சபையின் அதிகாரபூர்வ நிலை ஏறக்குறைய இதுவாகத்தான் வெகுகாலம் இருந்தது. யேசுவின் சாவுக்கு அன்றைய யூதர்கள் அத்தனை பேர் மேலும், இன்றைய யூதர்கள் மேலும் பழி சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை தெளிவாக எழுதி வைத்தது 1965இல்தான், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில்.

அப்போ கும்பல் கும்பலா கொல்றது எப்போ ஆரம்பிச்சது?

கட்டாய மதமாற்றங்களும் சின்னத் தாக்குதல்களும் அதற்கு முன்பே உண்டு. பெரிய அளவில் என்றால் 1096. ஜெருசலேமை மீட்கப் போகிறோம் என்று கிளம்பிய முதல் சிலுவைப் போர்க் கூட்டங்களில் சில, கிறிஸ்துவின் எதிரிகள் இங்கேயே பக்கத்துத் தெருவில் இருக்கும்போது அவ்வளவு தூரம் எதற்கு என்று கேட்டுக்கொண்டு ரைன் நதிக்கரை ஊர்களில் புகுந்தன. ஸ்பேயர் நகரில் ஆயர் குறுக்கே நின்றார், பெரும்பாலானோர் பிழைத்தார்கள், கொலை செய்த ஊர்க்காரர்கள் சிலரின் கைகளையும் வெட்டினார். வொர்ம்ஸில் ஆயர் மாளிகைக்குள் ஒளிந்தவர்களும் தப்பவில்லை. மைன்ஸில் நகர வாசலே திறந்து விடப்பட்டது. கட்டாய ஞானஸ்நானத்துக்குத் தப்ப, பெற்றோரே பிள்ளைகளைக் கொன்றுவிட்டுத் தாங்களும் செத்தார்கள் என்று எபிரேயக் குறிப்புகள் சொல்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது, போப் இதற்கு உத்தரவு போடவில்லை, பேரரசரும் போடவில்லை. ஆயருக்கு மனமும் பலமும் இருந்த ஊரில் ஆட்கள் பிழைத்தார்கள். இந்த நிலைமை பின்னாலும் திரும்பத் திரும்ப வரும்.

வட்டிக்கு விட்டு ஊரை உறிஞ்சினாங்க, அதனாலதான் ஜனங்க வெறுத்தாங்கன்னு சொல்றாங்களே?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. கந்துவட்டிக் கொடுமையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த விளக்கம் சட்டென்று ஒட்டிக்கொள்வதில் ஆச்சரியமில்லை. முதலில், ஐரோப்பிய யூதர்களில் மிகப் பெரும்பாலோர் லேவாதேவிக்காரர்கள் இல்லை. தையல், தோல் வேலை, சாயம், வைத்தியம், சில்லறை வியாபாரம் என்று பிழைத்தவர்கள். ஆனால் மேற்கு ஐரோப்பாவில் பல இடங்களில் யூதன் நிலம் வைத்துக்கொள்ள முடியாது, கைத்தொழில் சங்கங்களில் கிறிஸ்தவர்களுக்கு மட்டும்தான் இடம். அதே சமயம் வட்டி வாங்குவது பாவம் என்று சபை சொன்னது. 1179இல் கூடிய திருச்சபைச் சங்கம், வட்டித் தொழில் செய்பவனுக்குக் கிறிஸ்தவ அடக்கமே கிடையாது என்றது. கடன் இல்லாமல் ராஜாவாலும் மடத்தாலும் காலம் தள்ள முடியவில்லை. எல்லாக் கதவையும் சாத்திவிட்டு ஒன்றை மட்டும் திறந்து வைத்தால் ஆள் அந்த வழியாகத்தானே போவான்? தடையை மீறி வட்டிக்கு விட்ட கிறிஸ்தவர்களும் ஏராளம், பிளாரன்ஸ் நகரத்து பார்டி, பெருட்சி குடும்பங்கள் இங்கிலாந்து அரசனுக்கே கடன் கொடுத்தவை.

அடுத்தது, லாபம் யாருக்குப் போனது என்று பாருங்கள். இங்கிலாந்தில் யூதர்கள் சட்டப்படி அரசனின் உடைமை. லிங்கன் நகரத்து ஆரோன் அந்தக் காலத்தின் பெரும் பணக்காரர். 1186இல் அவர் இறந்ததும் இரண்டாம் ஹென்றி சொத்தை அப்படியே எடுத்துக்கொண்டார், ஆரோனுக்கு வர வேண்டிய கடன்களை வசூலிக்கவே கஜானாவில் தனி அலுவலகம் வைத்தார்கள். அரசன் யூதனைப் பிழிவான், யூதன் கடன்காரனைப் பிழிவான், கடன்காரனின் கண்ணுக்கு அரசன் தெரியவே மாட்டான்.

1190 மார்ச்சில் யார்க் நகரில் நடந்ததைப் பார்த்தால் இது இன்னும் புரியும். கோட்டைக்குள் தஞ்சம் புகுந்த சுமார் 150 யூதர்கள் செத்தார்கள், பலர் தாங்களே உயிரை மாய்த்துக்கொண்டார்கள். கும்பல் அதோடு கலைந்து போகவில்லை. அங்கிருந்து பேராலயத்துக்குப் போய், பாதுகாப்புக்காக அங்கே வைத்திருந்த கடன் பத்திரங்களை எடுத்து, கோவிலுக்குள்ளேயே போட்டு எரித்தது. முன்னின்றவர்களில் ரிச்சர்ட் மாலெபிஸ் போன்ற கடன்பட்ட பிரபுக்கள் இருந்தார்கள். அரசு ஊருக்கு அபராதம் போட்டது. அப்புறம் 1194இல் புது ஏற்பாடு: இனி ஒவ்வொரு கடன் பத்திரத்துக்கும் பிரதி எடுத்து, நகரங்களில் பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். அடுத்த முறை கும்பல் வந்தால் பத்திரமாவது பிழைக்கட்டும் என்ற கவலை!

குழந்தைங்க ரத்தத்தை எடுப்பாங்கன்னு ஒரு கதை இருக்கே, அதுல கொஞ்சமாவது உண்மை இருக்கா?

துளியும் இல்லை. யூதர்களின் உணவு விதிப்படி ரத்தம் அறவே ஆகாது, கறியை உப்புப் போட்டு ரத்தம் வடித்த பிறகுதான் சமைப்பார்கள். முட்டையில் ரத்தப் பொட்டு இருந்தால்கூடத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

இந்தக் கதை வளர்ந்த இடம் இங்கிலாந்தின் நார்விச். 1144இல் வில்லியம் என்ற சிறுவன் காட்டில் பிணமாகக் கிடந்தான், சில ஆண்டுகள் கழித்து மான்மத்தின் தாமஸ் என்ற துறவி யூதர்கள்தான் கொன்றார்கள் என்று ஒரு நூலே எழுதினார். புனிதச் சிறுவன் கிடைத்தால் கோவிலுக்கு யாத்திரைக் கூட்டம் வரும், காணிக்கை வரும். 1255இல் லிங்கனில் இதே குற்றச்சாட்டில் 19 யூதர்களை அரசன் கொன்றான். பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் 1236இல் விசாரணை வைத்துப் பொய் என்றார், போப் நான்காம் இன்னசென்ட் 1247இல் கண்டித்தார். கதை நின்றதா? இத்தாலியின் டிரென்ட்டில் 1475, அப்புறம் கீவ் நகரில் 1911. அந்தக் கீவ் வழக்கில் மெண்டல் பெய்லிஸ் என்ற செங்கல் சூளை ஊழியர் இரண்டு ஆண்டு சிறையில் கிடந்து, 1913இல் நடுவர் குழுவால் விடுதலையானார்.

பிளேக் நோய் அப்போ யூதர்கள் சாகலையாமே? சுத்தமா இருந்தாங்களாம், அதனாலதான் சந்தேகப்பட்டாங்களாம்?

இது பாராட்டு மாதிரி வரும் வதந்தி. யூதர்களும் செத்தார்கள். போப் ஆறாம் கிளமென்ட் 1348இலேயே இதைத்தான் வாதமாக வைத்தார்: யூதர்களும் இதே நோயில் சாகிறார்கள், யூதர்களே இல்லாத ஊர்களிலும் நோய் இருக்கிறது, பிறகு கிணற்றில் விஷம் கலந்தது எப்படி? சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலங்கள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோது இதை யார் காதில் வாங்குவார்கள்?

ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 1349 பிப்ரவரி 14 அன்று யூதர்களை அவர்களுடைய இடுகாட்டுக்கே ஓட்டிப்போய் எரித்தார்கள். சுமார் 2000 பேர் என்று அக்கால வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. பிளேக் அதுவரை அந்த ஊருக்கு வந்திருக்கவே இல்லை. யூதர்களைக் கொல்ல மாட்டோம் என்ற நகர சபையைச் சில நாள் முன்பு கவிழ்த்துவிட்டு, புதிய சபையை வைத்துச் செய்தார்கள். கடன்கள் தள்ளுபடி, அடகுப் பொருள்கள் திருப்பித் தரப்பட்டன, ரொக்கத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அவர்களைக் கொன்றது பணம்தான், ஏழைகளாக இருந்திருந்தால், பிரபுக்கள் கடன்படாமல் இருந்திருந்தால், எரித்திருக்க மாட்டார்கள் என்ற பொருளில் எழுதி வைத்தவரும் அந்த ஊர்க் கிறிஸ்தவ வரலாற்றாசிரியர்தான். யார்க்கில் நடந்ததே இங்கேயும்.

109 நாடுகள் துரத்தியிருக்காம். அத்தனை பேருமா தப்பு பண்ணுவாங்க? தப்பு இவங்ககிட்டதானே இருக்கணும்?

இந்த எண்ணைப் பரப்புகிறவர்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். நாடு, நகரம், சிற்றரசு எல்லாம் கலந்து கிடக்கும், ஒரே இடம் பல முறை வரும். ஒரே இடம் எப்படிப் பல முறை வரும்? துரத்தியவர்களே திரும்பக் கூப்பிட்டார்கள் என்பதால்தான். பிரான்சின் நான்காம் பிலிப் 1306இல் துரத்தினார், வீடுகளை ஏலம் விட்டார், யூதர்களுக்கு வர வேண்டிய கடன்களைத் தானே வசூலித்தார். 1315இல் அவர் மகன் திரும்ப அழைத்தார். 1394இல் மறுபடி துரத்தினார்கள். யூதர்களால் நாடு கெட்டது என்றால் வா வா என்று எதற்கு அழைக்க வேண்டும்?

இங்கிலாந்தில் முதலாம் எட்வர்ட் 1275இல் யூதர்கள் வட்டிக்கு விடுவதைத் தடை செய்தார், பல ஆண்டுகள் வரிமேல் வரி போட்டுக் கறந்தார், கறக்க எதுவும் மிஞ்சாத நிலையில் 1290இல் வெளியேற்றினார். அதே ஆண்டு நாடாளுமன்றம் அவருக்குப் பெரிய வரி ஒன்றை அனுமதித்தது, வெளியேற்றம் அதற்கு ஈடாகக் கொடுத்தது. மேலே வட்டிக் கேள்வியில் சொன்ன அரசனின் உடைமை என்ற சட்டத்தோடு சேர்த்துப் படியுங்கள்.

மதம் மாறினா விட்டிருப்பாங்கதானே? ஏன் அடம்பிடிச்சாங்க?

ஸ்பெயினில் மாறினார்கள், ஆயிரக்கணக்கில். 1391இல் செவில்லாவில் தொடங்கிய கலவரம் ஊர் ஊராகப் பரவியபோது, உயிருக்குப் பயந்து ஞானஸ்நானம் வாங்கினார்கள். அடுத்த தலைமுறை படித்து, அரசு வேலைக்கும் சபைப் பதவிக்கும் வந்தது. உடனே கேள்வி மாறிவிட்டது. டொலேடோ நகரம் 1449இல் ஒரு விதி போட்டது: யூத வம்சத்தில் பிறந்தவன், கிறிஸ்தவனாகவே இருந்தாலும், நகரப் பதவி வகிக்க முடியாது. ரத்தத் தூய்மை பார்த்தார்கள். மதம் மாறிய பிறகும் சாதி கூடவே வருவதைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1478இல் வந்த ஸ்பானிய விசாரணை மன்றத்தின் குறி இந்த மதம் மாறியவர்கள்தான். யூதராகவே இருப்பவர் மேல் அதற்கு அதிகாரம் கிடையாது, ரகசியமாகப் பழைய மதத்தைப் பின்பற்றும் கிறிஸ்தவரைத்தான் அது தேடியது. வெள்ளி மாலை விளக்கேற்றினாளா, சனிக்கிழமை சலவைச் சட்டை போட்டானா, அன்று அடுப்புப் புகை வரவில்லையா, பன்றிக்கறியை ஒதுக்கினானா என்று அக்கம்பக்கத்தாரும் வீட்டு வேலைக்காரியும் போய்ச் சொன்னார்கள். மதம் மாறாதவர்களை 1492இல் நாட்டை விட்டே அனுப்பினார்கள், மார்ச் 31 ஆணை, ஜூலை முடிவுக்குள் காலி செய்ய வேண்டும். போர்ச்சுகலுக்கு ஓடியவர்களை 1497இல் அங்கே கட்டாயமாக மதம் மாற்றினார்கள்.

இதுக்கும் இந்தியாவுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

உண்டு. போர்ச்சுகீசியர்கள் 1560இல் கோவாவில் அதே விசாரணை மன்றத்தை வைத்தார்கள். கார்சியா ட ஓர்டா என்ற மருத்துவர், யூத வம்சத்தில் வந்த கிறிஸ்தவர், நம் நாட்டு மூலிகைகளைப் பற்றி 1563இல் கோவாவில் நூல் அச்சிட்டவர். 1568இல் இறந்தார். மறு ஆண்டு அவருடைய தங்கை கத்தரினாவை எரித்தார்கள். 1580இல் அவருடைய எலும்பையும் தோண்டி எடுத்து எரித்தார்கள்.

அதே சமயம் கொச்சி ராஜா தன் அரண்மனைக்குப் பக்கத்திலேயே யூதர்களுக்கு இடம் கொடுத்தார், மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெபாலயம் (யூதர் கோவில்) 1568இல் கட்டியது. 1662இல் அதைச் சேதப்படுத்தியவர்களும் போர்ச்சுகீசியர்களே. சென்னையில் மண்ணடிப் பக்கம் பவளக்காரத் தெரு இருக்கிறதே, ஸ்பெயின், போர்ச்சுகலிலிருந்து ஓடி லண்டனில் குடியேறிய யூதக் குடும்பங்களின் வியாபாரிகள் பவளம் கொண்டுவந்து கோல்கொண்டா வைரம் வாங்கிப் போன தொடர்பு அந்தப் பேரில் இருக்கிறது. 1688இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது அதன் உறுப்பினர்களில் யூத வியாபாரிகளும் இருந்தார்கள். அந்த நேரத்தில் ரோம் நகரில் யூதர்கள் இரவானால் பூட்டப்படும் குடியிருப்பில் இருந்தார்கள்.

கெட்டோ, மஞ்சள் அடையாளம் எல்லாம் ஹிட்லர் கண்டுபிடிச்சதுதானே?

இரண்டுமே பழசு. உடையில் வேறுபாடு தெரிய வேண்டும் என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் சொன்னது (முஸ்லிம் ஆட்சிப் பகுதிகளிலும் அதற்கு முன்பே இப்படி விதிகள் இருந்தன). வெனிஸ் 1516இல் ஒரு சின்னத் தீவில் யூதர்களை ஒதுக்கியது, அப்படி ஒதுக்கிப் பூட்டிய குடியிருப்புதான் கெட்டோ. மாலையில் கதவை மூடுவார்கள், காவலாளிக்குச் சம்பளம் பூட்டப்பட்டவர்களே கொடுக்க வேண்டும். இடம் போதாமல் வீடுகளை மேலே மேலே கட்டினார்கள், கூரை தாழ்ந்த அந்த உயரமான வீடுகள் இன்றும் நிற்கின்றன. ரோமில் போப் நான்காம் பவுல் 1555இல் தொடங்கிய கெட்டோவை முழுதாக முடித்தது 1870இல் இத்தாலியப் படை உள்ளே வந்த பிறகுதான்.

கத்தோலிக்கர்தான் இப்படியா? லூத்தர் சீர்திருத்தவாதியாச்சே?

புராட்டஸ்டன்ட் இயக்கத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர், தொடக்க காலத்தில், 1523இல் யூதர்களை அன்பாக நடத்தச் சொன்னார், அப்படிச் செய்தால் மதம் மாறுவார்கள் என்ற எதிர்பார்ப்பில். மாறவில்லை. 1543இல் அவர் எழுதியதில் ஜெபாலயங்களைக் கொளுத்துங்கள், வீடுகளை இடியுங்கள், நூல்களைப் பறியுங்கள் என்று வரிசையாக யோசனை இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடந்த நூரம்பர்க் விசாரணையில், ஹிட்லரின் நாசிக் கட்சிப் பத்திரிகைக்காரர் ஜூலியஸ் ஸ்ட்ரைக்கர் இதைத்தான் காட்டி, லூத்தரும் இங்கே கூண்டில் நிற்க வேண்டியவர் என்றார்.

அவர் பிரசங்கம் செய்த விட்டன்பர்க் கோவில் சுவரில் யூதர்கள் பன்றியின் மடியில் பால் குடிப்பது போன்ற இடைக்காலச் சிற்பம் இன்னும் இருக்கிறது. அகற்றச் சொல்லி ஒரு யூதர் தொடுத்த வழக்கு ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் வரை போய், கீழே விளக்கப் பலகையும் நினைவுத் தகடும் இருப்பதால் இருக்கட்டும் என்று 2022இல் தீர்ப்பானது. எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. அதை அருங்காட்சியகத்தில் வைத்தும் விளக்கலாம்.

பிரெஞ்சுப் புரட்சியில சமஉரிமை வந்துடுச்சே, அப்புறமும் ஏன் தொடர்ந்தது?

1791இல் பிரான்ஸ் யூதர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது, மற்ற நாடுகளும் மெல்லத் தொடர்ந்தன. சட்டம் கதவைத் திறந்ததும் யூதர்கள் வக்கீல், டாக்டர், பேராசிரியர், பத்திரிகையாளர் என்று வந்தார்கள். மத வெறுப்பு படித்தவர்களிடம் செல்லுபடியாகாத காலம் அது, ஆகவே விஞ்ஞானத்தின் பேரில் இன வெறுப்பு வந்தது. ஜெர்மனியில் வில்ஹெல்ம் மார் 1879இல் யூத எதிர்ப்புக்கென்றே சங்கம் தொடங்கினார். டொலேடோவின் ரத்த வாதம் புதுச் சட்டை போட்டுக்கொண்டது, அவ்வளவுதான்.

பிரான்சிலேயே 1894இல் ராணுவத்தில் கேப்டனாக இருந்த யூதர் ஆல்பிரட் டிரைஃபஸ் மேல் உளவுப் பழி விழுந்தது. உண்மைக் குற்றவாளி வேறொருவர் என்று தெரிந்த பிறகும் ராணுவம் மூடி மறைத்தது. எழுத்தாளர் எமில் சோலா 1898 ஜனவரியில் குடியரசுத் தலைவருக்கு எழுதிய திறந்த மடலால் நாடே இரண்டாகப் பிரிந்தது. டிரைஃபஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பாக 1906 ஆகிவிட்டது.

யூதப் பெரியவங்க ரகசியமா கூடி உலகத்தை ஆளத் திட்டம் போட்ட புத்தகம்னு ஒரு பிடிஎஃப் வந்துச்சே?

சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள் என்று சுற்றுவதுதானே? அது ரஷ்யாவில் 1903இல் ஒரு பத்திரிகையில் வந்த போலி. வெளியிட்ட குருஷெவன் என்பவரின் இன்னொரு பத்திரிகை தூண்டிவிட்ட கலவரத்தில் அதே ஆண்டு கிஷினேவ் நகரில் 49 யூதர்கள் செத்தார்கள். ஜார் ஆட்சி யூதர்களை மேற்கு எல்லைப் பகுதிக்குள்ளேயே அடைத்து வைத்திருந்தது, 1881 முதல் கலவரம் மேல் கலவரம், இருபது லட்சம் பேருக்கு மேல் ரஷ்யாவையும் கிழக்கு ஐரோப்பாவையும் விட்டுக் கிளம்பினார்கள்.

போலி என்று நிரூபித்தது லண்டன் டைம்ஸ், 1921இல். மூன்றாம் நெப்போலியனைக் கேலி செய்து மொரீஸ் ஜோலி 1864இல் எழுதிய பிரெஞ்சு நூலிலிருந்து பத்தி பத்தியாக உருவியிருந்ததை அருகருகே அச்சிட்டுக் காட்டியது. மூலத்தில் யூதர்கள் என்ற பேச்சே கிடையாது. ராத்ஸ்சைல்ட் என்ற யூத வங்கிக் குடும்பம் வாட்டர்லூ போரில் உலகத்தை வாங்கிய கதையும் இதே ரகம், 1846இல் பிரான்சில் வந்த ஒரு துண்டுப்பிரசுரத்தின் கைவண்ணம். அந்தக் குடும்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிஜமாகவே பெரும் வங்கி நடத்தியது. இன்றைய பெரிய வங்கிகளின் பக்கத்தில் அது சின்னது.

முதல் உலகப் போர்ல ஜெர்மனியை முதுகுல குத்தினது யூதர்கள்தானாமே?

1918 செப்டம்பர் கடைசியில் போர் நிறுத்தம் கேளுங்கள் என்று அரசை நெருக்கியவர் தளபதி லூடன்டார்ஃப், அவர் யூதர் இல்லை. ஜெர்மன் படையில் சுமார் ஒரு லட்சம் யூதர்கள் சேர்ந்தார்கள், ஏறக்குறைய 12,000 பேர் இறந்தார்கள். யூதர்கள் போர்முனைக்கு வராமல் ஒளிகிறார்கள் என்ற புகாரால் 1916இல் ராணுவம் தலைக்கணக்கு எடுத்தது, போர் முடியும் வரை முடிவை வெளியிடவில்லை. புகார் உண்மையாக இருந்திருந்தால் ஊரெல்லாம் ஒட்டியிருக்க மாட்டார்களா?

ஹிட்லர் கண்டிப்பான தலைவர், யூதர் விஷயத்துல மட்டும் தப்பு பண்ணிட்டார்னு எங்க சார் சொன்னார். சரியா?

பிரித்துப் பார்க்க முடியாது. 1933 ஏப்ரலிலேயே யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கினார்கள், அந்த நாற்காலிகளில் வேறு ஆட்கள் உட்கார்ந்தார்கள். 1938 நவம்பரில் கடைகளை உடைத்து, ஜெபாலயங்களை எரித்து, சுமார் 30,000 ஆண்களை முகாமுக்குக் கொண்டுபோய்விட்டு, நூறு கோடி மார்க் அபராதத்தை யூதர்கள் மேலேயே போட்டார்கள். நாடுகடத்தப்பட்டவர்களின் கட்டில், மெத்தை, பாத்திரம் எல்லாம் ஹாம்பர்க்கில் பொது ஏலத்துக்கு வந்தன, சாதாரண ஜனங்கள் கை தூக்கி வாங்கினார்கள். ஸ்ட்ராஸ்பர்க்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பைத்தியக்காரன் செய்த வேலை என்பதும் சரியில்லை. 1942 ஜனவரி 20 அன்று வான்சே மாளிகையில் கொலைத் திட்டத்தை ஒருங்கிணைக்க உட்கார்ந்த 15 பேரில் எட்டுப் பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். ரயில்வே நிர்வாகம் முகாமுக்குப் போகும் ஆட்களுக்கு மூன்றாம் வகுப்புக் கட்டணம் கணக்கிட்டது. போவதற்கு மட்டும்தான், திரும்பி வர டிக்கெட் இல்லை. பத்து வயதுக்குக் கீழே பாதிக் கட்டணம், நான்கு வயதுக்குக் கீழே இலவசம். 400 பேருக்கு மேல் போனால் கூட்டச் சலுகை. இந்தக் கணக்கை உட்கார்ந்து எழுதிய குமாஸ்தா யாரையும் அடித்திருக்க மாட்டார், மாலையில் வீட்டுக்குப் போயிருப்பார்.

ஏன் தப்பிச்சு ஓடலை? எதிர்த்து அடிச்சிருக்கலாமே?

ஜெர்மனியில் 1933இல் இருந்த சுமார் ஐந்து லட்சம் யூதர்களில் பாதிக்கு மேல் போருக்கு முன்பே போய்விட்டார்கள். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் போலந்திலும் சோவியத் பகுதிகளிலும் இருந்தவர்கள், அவர்கள் ஊருக்கு ஜெர்மன் படைதான் வந்தது. வெளியேறுகிறவரிடம் சொத்தைப் பறித்தார்கள், வெறுங்கையோடு வருபவரை எந்த நாடு சேர்க்கும்? 1938 ஜூலையில் பிரான்சின் எவியன் ஊரில் 32 நாடுகள் கூடிப் பேசின, டொமினிகன் குடியரசு தவிர யாரும் பெரிதாகக் கதவைத் திறக்கவில்லை. 1939இல் 937 பேரோடு போன செயின்ட் லூயி கப்பலைக் கியூபாவும் அமெரிக்காவும் ஏற்கவில்லை, ஐரோப்பாவுக்கே திரும்பியது, அதில் 254 பேர் பின்னால் கொல்லப்பட்டார்கள்.

அடித்தவர்களும் உண்டு. வார்சா கெட்டோவில் 1943 ஏப்ரல் 19 அன்று தொடங்கி, கைத்துப்பாக்கியும் கையெறி குண்டும் வைத்து ஏறக்குறைய ஒரு மாதம் தாக்குப்பிடித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் சோபிபோர் முகாமில் கைதிகள் காவலர்களைக் கொன்று தப்பினார்கள். வார்சாவில் இம்மானுவேல் ரிங்கல்பிளூம் என்ற வரலாற்றாசிரியரின் குழு ரேஷன் அட்டை, பள்ளிக் கட்டுரை, மிட்டாய்க் காகிதம் வரை சேர்த்துத் தகரப் பெட்டியிலும் பால் கேனிலும் போட்டுப் புதைத்தது. 1946இலும் 1950இலும் இரண்டு பகுதிகள் கிடைத்தன. அதுவும் எதிர்ப்புதான்.

ஆஷ்விட்ஸ் பலகையில 40 லட்சம்னு இருந்ததைக் குறைச்சுட்டாங்க. அப்போ 60 லட்சமும் குறையணுமே?

புத்திசாலித்தனமாகத் தெரியும், ஆனால் கணக்குத் தப்பு. 40 லட்சம் என்பது ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் இறந்தவர்கள் என்று சோவியத் தரப்பு சொன்ன எண், நாசிகள் கொன்ற யூதர்களின் மொத்தம் என்று சொல்லப்படும் 60 லட்சம் அதிலிருந்து கூட்டி எடுத்தது கிடையாது. வரலாற்றாசிரியர் ரால் ஹில்பெர்க் 1961இலேயே ஆஷ்விட்ஸுக்குப் பத்து லட்சம் என்று வைத்து மொத்தம் 51 லட்சம் என்று கணக்கிட்டார். இன்றைய கணிப்பில் ஆஷ்விட்ஸில் இறந்தவர்கள் சுமார் 11 லட்சம், அதில் ஏறக்குறைய பத்து லட்சம் யூதர்கள்.

மொத்தக் கணக்கு மக்கள்தொகைப் பதிவு, ரயில் பட்டியல், கொலையாளிகளின் சொந்த அறிக்கைகள் ஆகியவற்றிலிருந்து வருகிறது. கீவ் அருகே பாபி யாரில் இரண்டே நாளில் 33,771 என்று அறிக்கை. லித்துவேனியாவில் கொலைப் படைத் தலைவர் கார்ல் யேகர் 1941 டிசம்பரில் தேதிவாரியாக எழுதிய கூட்டுத்தொகை 137,346. 1942 முடிய நான்கு முகாம்களுக்கு 1,274,166 பேர் வந்தார்கள் என்று ஒரு ஜெர்மன் தந்தி. இந்தப் படுகொலையை மறுத்த டேவிட் இர்விங், தன்னை மறுப்பாளர் என்று எழுதியதற்காக வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் மேல் லண்டனில் போட்ட வழக்கு 2000இல் தோற்றது, அவர் ஆதாரங்களை வேண்டுமென்றே திரித்தார் என்று நீதிபதியே எழுதினார்.

1945க்குப் பிறகாவது முடிஞ்சதா?

இல்லை. முகாம்களிலிருந்து மீண்டவர்கள் தங்கியிருந்த போலந்தின் கீல்சே ஊரில் 1946 ஜூலை 4 அன்று, ஒரு சிறுவனைக் கடத்தி அடைத்து வைத்தார்கள் என்ற பொய்யை நம்பி 42 யூதர்களைக் கொன்றார்கள். நார்விச் கதையின் வாரிசு. 1953இல் ஸ்டாலினைச் சுற்றியிருந்த மருத்துவர்கள் மேல் விஷச் சதி என்று புகார், அவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். ஸ்டாலின் செத்ததும் வழக்கே போலி என்றாயிற்று. 2012இல் பிரான்சின் துலூஸ் நகரில் யூதப் பள்ளி வாசலில் மூன்று குழந்தைகளும் ஓர் ஆசிரியரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2019இல் ஜெர்மனியின் ஹாலே நகர ஜெபாலயத்தில் தடித்த மரக்கதவு திறக்காததால்தான் உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள், கொலைகாரன் வெளியே இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றான்.

இப்போ இஸ்ரேல் காஸாவுல பண்றதைப் பார்த்தா, இதையெல்லாம் ஏன் பேசணும்? இஸ்ரேலைத் திட்டினா யூத வெறுப்புன்னு சொல்லிடுவாங்களா?

ஒரு அரசு குண்டு போட்டால், நிலத்தைப் பறித்தால், அந்த அரசைக் கண்டிக்கலாம், பாலஸ்தீனர்களின் உரிமையை உரக்கப் பேசலாம். இஸ்ரேலுக்குள்ளேயே ஆயிரக்கணக்கான யூதர்கள் தங்கள் அரசை எதிர்த்துத் தெருவில் நிற்கிறார்கள். கண்டனத்தையெல்லாம் யூத வெறுப்பு என்று முத்திரை குத்தி வாயடைப்பதும் நடக்கிறது, அதுவும் தவறு.

ஆனால் எனக்கு வரும் செய்திகளைப் பார்க்கிறேனே. நெதன்யாகுவைத் திட்டித் தொடங்கும், நாலாவது வரியில் யூதன் புத்தியே இப்படித்தான் என்று போகும், கடைசியில் அந்த பிடிஎஃப் இணைந்திருக்கும். பாரிஸில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் யூதரிடம் காஸாவுக்குப் பதில் சொல் என்று கேட்பதும், 1096இல் மைன்ஸ் நகரத்துக்காரரிடம் ஜெருசலேமுக்குப் பதில் கேட்டதும் ஒரே கணக்கு. எந்த அமைச்சர், எந்தப் படை, எந்தத் தேதி, எந்த ஊர் என்று எழுதி அனுப்புங்கள், பேசலாம். பிடிஎஃப் மட்டும் வேண்டாம், ஏற்கெனவே நிறைய இருக்கிறது.